கடனும் கடமையும்: ஒரு ஸ்பானிய வினைச்சொல்லின் வரலாறு



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல். அது தமிழ்ச் சொல்லன்று, மலாய்ச் சொல்லுமன்று. ஸ்பானிய மொழி பேசும் வீடுகளில் சிறு குழந்தைகள்கூட நாள்தோறும் சொல்லும் ஒரு சாதாரண வினைச்சொல். 'தெபேர்' என்பது அது. 'தயவு' என்று சொல்லும்போது முதல் எழுத்தை எவ்வளவு மென்மையாக ஒலிக்கிறோமோ, அவ்வளவு மென்மையாக இதன் முதல் எழுத்தையும் ஒலிக்க வேண்டும்.

"எங்கோ இருக்கிற ஸ்பானியர் பேச்சு நமக்கு எதற்கு?" என்று நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் கதை அந்நியமாகத் தோன்றாது என்பதே நம் பதில். ஏன் என்பதைச் சற்றுப் பொறுத்துக் காண்போம். முதலில் சொல்லின் பொருளைத் தெரிந்துகொள்வோம்.

'தெபேர்' என்பதற்கு இரண்டு முதன்மையான பொருள்கள் உண்டு. ஒன்று, கடன்பட்டிருத்தல். "தெபோ சியென் பெசோஸ்" என்றால், "நான் நூறு பெசோ கொடுக்க வேண்டியிருக்கிறது" என்று பொருள். பெசோ என்பது மெக்சிகோ முதலிய நாடுகளின் நாணயம். கடையில் சாமான் வாங்கியவர், "குவாந்தோ லெ தெபோ?" என்று கேட்பார். "உங்களுக்கு நான் எவ்வளவு தர வேண்டும்?" என்பதுதான் அது. மற்றொரு பொருள், ஒன்றைச் செய்தாக வேண்டிய கட்டாயம். "தெபோ த்ரபஹார்" என்றால், "நான் வேலை செய்ய வேண்டும்" என்பது பொருள். முன்னதில் பணம், பின்னதில் வேலை. இரண்டுக்கும் 'தெபோ' என்ற ஒரே சொல்.

இவற்றோடு மூன்றாவதாக ஓர் உபயோகமும் உண்டு. 'தெபேர்' என்பதற்குப் பின்னால் 'தெ' என்ற சின்னஞ்சிறு சொல்லைச் சேர்த்தால் ஊகப் பொருள் வந்துவிடும். "அவன் வேலை செய்தாக வேண்டும்" என்பது, "அவன் வேலை செய்துகொண்டிருப்பான் போலும்" என்று மாறிவிடும். இலக்கண ஆசிரியர்கள் இந்த வேறுபாட்டை வற்புறுத்திக் கற்பிப்பார்கள்; தெருவில் பேசுகிறவர்களோ அதை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. நம் தமிழிலும், "அவர் இந்நேரம் வீட்டில் இருக்க வேண்டும்" என்று ஊகத்துக்கும் 'வேண்டும்' என்பதையே சொல்கிறோம் அல்லவா?

வினையாக இருக்கும் இச்சொல் பெயராகவும் வரும். 'எல் தெபேர்' என்றால் கடமை. அதையே பன்மையில் 'தெபேரெஸ்' என்று சொன்னால், ஸ்பெயின் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வீட்டுப்பாடம்! கடனுக்கு 'தெவ்தா' என்று பெயர். இதே குடும்பத்தைச் சேர்ந்த 'தெவ்தோ' என்ற சொல்லுக்கு உறவினர் என்பது பொருள். ஒருவர் இறந்த பிறகு துக்கத்தில் இருக்கும் குடும்பத்தாரைக் குறிக்க இன்றும் அச்சொல் வழங்குகிறது. சொந்தபந்தம் என்பதே ஒருவருக்கொருவர் பட்ட கடன்தான் என்று பழைய ஸ்பானியர் எண்ணினார்கள் போலும். இந்த 'தெவ்தோ'வை நேயர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது மீண்டும் வரும்.

இச்சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. லத்தீனில் 'ஹபேரே' என்றால் வைத்திருத்தல். அதன் முன்னால், 'ஒருவரிடமிருந்து' என்று பொருள்படும் 'தே' சேர்ந்து 'தேபேரே' ஆயிற்று. பிறர் பொருளை நம் கையில் வைத்திருத்தல் என்பது அதன் அடிப்படைக் கருத்து. பிறர் பொருள் என்பதால் திருப்பித் தர வேண்டும். தர வேண்டும் என்பதால் அது கடமை. இப்படித்தான் பொருள் கிளைத்தது. நாம் அன்றாடம் சொல்லும் 'டூட்டி', வங்கியில் சொல்லும் 'டெபிட்' ஆகிய ஆங்கிலச் சொற்களும் இதே லத்தீன் வேரிலிருந்து வந்தவைதாம். "டூட்டிக்குப் போகிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் அறியாமலே அதற்குள் ஒரு கடன் ஒளிந்திருக்கிறது.

இந்த இடத்தில் தமிழ் அறிந்தவர்களுக்கு ஒன்று உடனே நினைவுக்கு வரும். நம் 'கடன்' என்ற சொல்லும் அப்படியே அல்லவா? கடையில் வைத்த பாக்கியும் கடன். காலைக்கடன், நீத்தார் கடன், நேர்த்திக்கடன் என்று சொல்லும்போது அது செய்தே தீர வேண்டிய செயல். புறநானூற்றில் பொன்முடியார் என்ற புலவர், தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய பொறுப்புகளைச் சொல்லும்போது 'கடன்' என்ற சொல்லையே ஆள்கிறார். அங்கே பணப் பேச்சே இல்லை. 'கடமை' என்ற சொல்லோ, சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் குடிகள் செலுத்த வேண்டிய நிலவரியைக் குறித்தது. மனம் ஒட்டாமல் வேலை செய்கிறவனைப் பார்த்து, "கடனே என்று செய்கிறான்" என்கிறோம். அந்த ஒரு தொடரில் கடனும் கடமையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன, பாருங்கள்! ஸ்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு ஏதும் இல்லை. ஆனாலும் மனிதர் எண்ணம் இரண்டு இடங்களிலும் ஒரே வழியில் சென்றிருக்கிறது.

நம் அண்டை நாடான பிலிப்பைன்ஸை ஸ்பெயின் 1565 தொடங்கி 1898 வரை ஆண்டது. அந்த மக்கள் எத்தனையோ ஸ்பானியச் சொற்களைத் தம் மொழியில் ஏற்றுக்கொண்டார்கள். கடனுக்கு மட்டும் தங்கள் பழைய 'ஊத்தாங்' என்ற சொல்லை விடவில்லை. நம் மலாய் மொழியின் 'ஹூத்தாங்' என்பதும் அதுவும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

ஸ்பானியக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் இடப்பக்கம் 'தெபே' என்றும் வலப்பக்கம் 'அபேர்' என்றும் தலைப்பு இருக்கும். நாம் பற்று, வரவு என்கிறோமே, அதுதான். 'தெபே' என்றால் "தர வேண்டியவன்" என்பது கருத்து. இந்த இடப்பக்கத்தை வைத்துக்கொண்டு, ஒரு நாட்டில் பல்லாயிரம் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தை விட்டு நகர முடியாதபடி கட்டிப்போட்டார்கள். அந்த நாடு மெக்சிகோ. அதன் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் யுகட்டான் தீபகற்பத்தில் இது மிகக் கடுமையாக நடந்தது.

யுகட்டானின் மண் சுண்ணாம்புப் பாறை. அதில் பயிர் செய்வது எளிதன்று. ஆனால் 'எனெகென்' என்ற கற்றாழை இனம் நன்றாக வளரும். அதன் முள் நிறைந்த இலையை இயந்திரத்தில் சீவி நாரெடுத்துக் கயிறு திரிப்பார்கள். சீசால் கயிறு என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம் அல்லவா? சீசால் என்பது அந்நார் கப்பலேறிய யுகட்டான் துறைமுகத்தின் பெயர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், அமெரிக்கக் கோதுமை வயல்களில் கதிரை அறுத்துத் தானே கட்டும் இயந்திரங்கள் வந்தன. கட்டுவதற்குக் கயிறு வேண்டும். யுகட்டான் நாருக்கு வந்தது யோகம். தோட்ட முதலாளிகள் மெரிதா நகரில் அரண்மனை போன்ற மாளிகைகளைக் கட்டினார்கள். இந்தத் தோட்டங்களுக்கு 'அசியெந்தா' என்று பெயர்.

இலை வெட்டியவர்கள் மாயா இன மக்கள். அந்த மண்ணின் பழங்குடிகள். அவர்களைப் 'பெயோன்' என்று அழைத்தார்கள். நம் அலுவலகங்களில் வழங்கிய 'பியூன்' என்ற சொல்லும், போர்த்துகீசியர் வழியாக வந்த அதே சொல்தான். காலாள் என்பது அதன் முதற்பொருள்.

மெக்சிகோ 1829-ஆம் ஆண்டிலேயே அடிமை முறையை ஒழித்துவிட்டது. ஆகவே முதலாளிகள், "எங்களிடம் அடிமைகள் கிடையாது, கடனாளிகள்தாம் இருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டார்கள். கடன் எப்படி ஏற்பட்டது? தோட்டத்திலேயே ஒரு கடை இருக்கும். 'தியெந்தா தெ ராயா' என்று பெயர். 'தியெந்தா' என்றால் கடை. 'ராயா' என்றால் கோடு. கணக்கேட்டில் போடும் கோட்டிலிருந்து அப்பெயர் வந்ததாகச் சொல்வர். மெக்சிகோவில் கூலி போடும் நாளுக்கே 'ராயா நாள்' என்று பெயர். கூலியும் பெரும்பாலும் நாணயமாக வராது. தோட்டத்தின் பெயர் பொறித்த உலோக வில்லைகளாக வரும். அந்த வில்லை அந்தத் தோட்டத்துக் கடையைத் தவிர வேறெங்கும் செல்லாது. விலையைக் குறிப்பவர் கடைக்காரர். கணக்கை எழுதுபவரும் அவரே. வாங்குகிறவருக்கோ எழுதப் படிக்கத் தெரியாது.

நம் ஊர்களில் கடைக்காரர் பாக்கி எழுதிய 555 புத்தகம் நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். அதில் ஒரு நன்மை இருந்தது. புத்தகம் நம் கையில் இருக்கும். வீட்டில் படித்த பிள்ளை கூட்டிப் பார்க்கலாம். கடைக்காரரும் நம் முதலாளி அல்லர். யுகட்டானில் புத்தகம், கடை, வேலை, குடியிருக்கும் வீடு ஆகிய நான்கும் ஒருவர் கையிலேயே இருந்தன.

மாயா மக்கள் இந்தக் கடனுக்கு இரண்டு பெயர்கள் வைத்திருந்தார்கள். 'சிச்சான் குவெந்தா', 'நோஹோச் குவெந்தா' என்பன அவை. 'குவெந்தா' என்பது கணக்கு என்று பொருள்படும் ஸ்பானியச் சொல். 'சிச்சான்' என்றால் மாயா மொழியில் சின்னது. 'நோஹோச்' என்றால் பெரியது. அரிசி பருப்பு வாங்குவதற்கு நாம் பாக்கி வைப்பது போல, சோளம், துணி ஆகியவற்றுக்கு ஏற்படும் அன்றாட பாக்கி சின்னக் கணக்கு. அதைக் கூலியில் கழித்து வந்தார்கள். பெரிய கணக்கு என்பது திருமணம் போன்ற பெருஞ்செலவுகளுக்குத் தோட்ட முதலாளி முன்பணமாகக் கொடுத்தது. அது குறைந்ததே இல்லை. குறைய வேண்டும் என்று முதலாளி விரும்பியதும் இல்லை. ஒரு வாலிபன் தாலி கட்டும் நாளிலேயே, நம் வழக்கப்படி சொன்னால், அவன் கழுத்திலும் ஒரு கயிறு விழுந்தது. அவன் இறந்தால் கடன் மகன் தலையில் ஏறியது.

ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், 'கார்த்தா குவெந்தா' என்ற கணக்குச் சீட்டு வேண்டும். அவன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்பது அதில் இருக்கும். புதிய முதலாளி அதைக் கட்டினால்தான் அவனை விடுவார்கள். இதைக் கேட்கும்போது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு 'துண்டு' நினைவுக்கு வராமல் இராது. அங்கே நம் தமிழ்த் தொழிலாளர் கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்றே பெயர். கடனைப் புதிய தோட்டம் கட்டிய பிறகுதான் ஆள் மாறலாம். யுகட்டான் முதலாளியும் இலங்கைத் துரையும் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆளைப் பிடித்து வைக்க நினைப்பவனுக்கு எங்கும் ஒரே யோசனைதான் தோன்றுகிறது. இலங்கையில் 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையைத் தடை செய்தது. மலாயாவிலும் கப்பல் செலவு முன்பணமாக எழுதப்பட்டுக் கூலியில் கழிக்கப்பட்ட காலம் உண்டு. 1907-இல் முதலாளிகளிடம் வரி திரட்டி ஒரு பொது நிதி ஏற்படுத்தி, அதிலிருந்து பயணச் செலவு கொடுக்கத் தொடங்கினார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது.

யுகட்டானுக்கே திரும்புவோம். 1908-இல் ஜான் கென்னத் டர்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், தோட்டம் வாங்க வந்த பணக்காரர் போல் நடித்து அங்கே சென்றார். முதலாளிகளும் அவரை நம்பி மனம் விட்டுப் பேசினார்கள். அவர் கண்டவை 1909 முதல் அமெரிக்க இதழ் ஒன்றில் வெளிவந்து, பின்பு நூலாயின. ஓர் ஆள் நாளொன்றுக்கு 2,000 இலை வெட்ட வேண்டும் என்ற கணக்கை அவர் எழுதியிருக்கிறார். நம் பால்வெட்டுக்காரர்களுக்கு மரக்கணக்கு என்றால் என்னவென்று தெரியும். அந்த அனுபவத்தோடு முள்ளிலை 2,000 என்பதை எண்ணிப் பாருங்கள். டர்னர் அன்றைய மெக்சிகோ ஆட்சியைக் கடுமையாக எதிர்த்தவர். அதை மனத்தில் கொண்டே அவர் எழுத்தைப் படிக்க வேண்டும். ஆனாலும் அவர் கவனித்த ஒரு செய்தி மிக நுட்பமானது. ஓர் ஆளைக் கைமாற்றும் விலை 400 பெசோ என்று முதலாளிகள் அவரிடம் சொன்னார்கள். இது உண்மையில் கடன் என்றால், பத்து பெசோ பாக்கி உள்ளவனுக்குப் பத்தும், ஐந்நூறு பாக்கி உள்ளவனுக்கு ஐந்நூறும் அன்றோ விலையாக இருக்க வேண்டும்? கடனைப் பார்த்து விலை பேசவில்லை. சந்தை நிலவரத்தைப் பார்த்து மனிதனுக்கு விலை பேசினார்கள். ஆகவே கடன் என்பது பெயரளவுக்குத்தான் என்பது அவர் வாதம். ஒருவரைக் குற்றம் சாட்ட அவருடைய கணக்கைவிடச் சிறந்த சாட்சி ஏது?

இப்போது 'தெபேர்' என்ற சொல்லை மறுபடியும் எடுத்துக்கொள்வோம். "நீ கடன்பட்டிருக்கிறாய்." "நீ வேலை செய்தாக வேண்டும்." இரண்டையும் ஸ்பானியத்தில் 'தெபெஸ்' என்றே தொடங்கலாம். சொல்தான் இந்தக் கொடுமைக்குக் காரணம் என்று நாம் கூற வரவில்லை. சொல் என்ன செய்யும்? ஆனால் பணம் பாக்கி என்பது ஒன்று. அதற்காக உடலால் ஓரிடத்தில் கட்டுண்டு கிடப்பது முற்றிலும் வேறு. இந்த இரண்டையும் ஒன்றே என்று நம்ப வைத்ததில்தான் முதலாளிகளின் சாமர்த்தியம் இருந்தது.

மக்கள் பொறுக்கவில்லை. 1907 ஜனவரி 7-ஆம் நாள், வெராகுரூஸ் மாநிலத்தில் ரியோ பிளாங்கோ என்ற ஊரின் நெசவாலைத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தபோது, அவர்கள் ஆத்திரம் முதலில் பாய்ந்தது ஆலைக்கடை மீதுதான். இராணுவம் சுட்டுப் பலர் மாண்டார்கள். 1910-இல் மெக்சிகோப் புரட்சி வெடித்தது. யுகட்டானில் 1914 செப்டம்பரில் ஆளுநர் எலெயுதேரியோ ஆவிலா கடன் அடிமை முறையை நீக்கி ஆணையிட்டார். ஆனால் தோட்ட முதலாளிகளின் நெருக்குதலில் அது தளர்ந்துபோயிற்று. 1915 மார்ச்சில் ஜெனரல் சல்வதோர் அல்வராதோ படையோடு வந்த பிறகே ஆணை நடைமுறைக்கு வந்தது. தாளில் உள்ள விடுதலைக்கும் தோட்டத்தில் உள்ள விடுதலைக்கும் நடுவே ஆறு மாத வழி இருந்தது!

பின்பு 1917 பிப்ரவரி 5-ஆம் நாள் மெக்சிகோவின் புதிய அரசியலமைப்புச் சட்டம் வெளியிடப்பட்டது. அதன் 123-ஆம் பிரிவு தொழிலாளருக்கு உரியது. கூலியை நாணயமாகவே கொடுக்க வேண்டும். சரக்காகவோ வில்லையாகவோ கொடுக்கக்கூடாது என்றது. குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்றது. முதலாளியிடம் பட்ட கடனுக்குத் தொழிலாளி ஒருவரே பொறுப்பு. எக்காரணம் கொண்டும் அவர் குடும்பத்தாரிடம் கேட்கக்கூடாது. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகையை வசூலிக்கவும் கூடாது என்றது. 'தெவ்தோ' என்றால் உறவினர் என்று முன்பு சொன்னோம் அல்லவா? உறவையே கடனாக்கிய கணக்கை இந்த வரிகள் அறுத்தன. அதே சட்டத்தின் இறுதியில் உள்ள இடைக்கால விதிகளில் 13-ஆவது விதி, அந்நாள் வரை வேலையின் பொருட்டு முதலாளிகளிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் இடைத்தரகர்களிடமும் தொழிலாளர் பட்டிருந்த கடன்கள் அனைத்தும் அற்றுப்போயின என்று அறிவித்தது. இடைத்தரகர் என்ற சொல்லையும் மறக்காமல் சேர்த்தார்களே, அதை எழுதியவர்களுக்குத் தோட்டம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மெக்சிகோவின் தெற்கே உள்ள குவாத்தமாலாவில் கதை வேறு விதமாகச் சென்றது. அங்கே காப்பித் தோட்டங்கள். மலைவாழ் பழங்குடி மக்களை முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடும் அதே வழக்கம். 1934-இல் ஜெனரல் ஹோர்ஹே ஊபிகோவின் ஆட்சி அந்தக் கடன் முறையைச் சட்டத்தால் ஒழித்தது. நல்ல செய்தி என்று நாம் மகிழ்வதற்குள், அதே கையோடு இன்னொரு சட்டமும் வந்தது. அதற்குச் சோம்பித் திரிதலைத் தடுக்கும் சட்டம் என்று பெயர். சொந்த நிலம் இல்லாதவர் ஆண்டுக்கு 150 நாளும், சிறிதளவு நிலம் பயிரிடுபவர் 100 நாளும் கூலி வேலை செய்ததாகக் காட்ட வேண்டும். அதற்காக ஒவ்வொருவரும் ஒரு சிறு புத்தகம் வைத்திருக்க வேண்டும். முதலாளி அதில் நாள்களைக் குறித்துக் கொடுப்பார். நாள் குறைந்தால் தண்டனை.

'தெபேர்' என்ற சொல்லின் முதற்பொருளை நீக்கிவிட்டு, இரண்டாம் பொருளை மட்டும் அரசாங்கம் தன் கையில் எடுத்துக்கொண்டது. யாருக்கும் காசு பாக்கி இல்லை. ஆனாலும் வேலை செய்தாக வேண்டும். 1944-ஆம் ஆண்டுப் புரட்சியில் அந்த ஆட்சி விழுந்தது. அதன் பின்னரே அந்தச் சிறு புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளாமல் ஒரு மலைவாழ் மனிதர் சந்தைக்குப் போய்வர முடிந்தது.